கேடயத்துச் சிங்கத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி. ஜூலை 4, இரவு 9.10

அண்ணா, ஒரு மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டேன். ஸ்காட்லாந்து அரசக் கொடியில் மஞ்சள் தரையில் சிவப்புச் சிங்கம் இருக்கிறதே, அதை 'லயன் ரேம்பன்ட்' என்கிறார்கள். அகராதியில் 'மூர்க்கமான', 'கட்டுக்கடங்காத' என்று பொருள் போட்டிருக்கிறது. 'சீறும் சிங்கம்' என்று எழுதிவிட்டேன். நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. சரிதானே?

ஜூலை 4, இரவு 10.35

சரியில்லை தம்பி. மாற்றிவிடு.

அது ஐரோப்பியக் குலச்சின்னங்களில், அதாவது குடும்பமும் நாடும் கேடயத்தில் போட்டுக்கொள்ளும் அடையாளங்களில், வழங்கும் சொல். சிங்கத்தின் கோபத்தைப் பற்றியதே இல்லை. கால் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியது. பின்னங்கால் இரண்டையும் ஊன்றி, உடம்பை நிமிர்த்தி, முன்னங்கால் இரண்டையும் அடிக்கப் போகிற மாதிரி தூக்கியிருந்தால் ரேம்பன்ட். வாயை மூடிக்கொண்டிருந்தாலும் ரேம்பன்ட்தான். இப்போதைக்கு 'எழுந்து நிற்கும் சிங்கம்' என்று போடு. நல்ல சொல்லாக யோசித்துச் சொல்கிறேன்.

நான் தமிழ் படித்தவன் இல்லை. திருப்பூரில் 19 வருஷமாகக் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரிக்குப் பஞ்சிங் போடுகிறேன், அதாவது படத்தை மெஷின் தைக்கிற ஃபைலாக மாற்றுகிற வேலை. ஐரோப்பாவுக்குப் போகிற போலோ டீ-ஷர்ட், பள்ளி பிளேசர், கிளப் ஸ்வெட்டர் எதை எடுத்தாலும் நெஞ்சில் ஒரு கேடயம், கேடயத்தில் ஒரு மிருகம். அப்படிப் பழகியதுதான் இதெல்லாம்.

ஜூலை 5, காலை 6.50

நேற்று எழுதியதில் தப்பு. படுத்த பிறகு உறைத்தது. காலையில் எழுந்ததும் பழைய ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டேன்.

ரேம்பன்ட் சிங்கத்துக்குத் தரையில் இருப்பது ஒரே ஒரு பின்னங்கால். மற்ற மூன்றும் மேலே. பின்னங்கால் இரண்டும் சேர்ந்து தரையில் ஊன்றி, உடம்பு எம்பினால் அதற்குப் பெயர் 'சேலியன்ட்'. அது பாய்கிற நிலை. ஓவியர்கள் இதில் கொஞ்சம் முன்னேபின்னே போவார்கள், ஆனால் சொல் இரண்டும் வேறு.

ஆக, காலை எண்ணினால் பாதி வேலை முடிந்தது. நாலு காலும் தரையில் இருந்தால் ஸ்டேட்டன்ட். மூன்று தரையில், வலது முன்னங்கால் மட்டும் தூக்கியிருந்தால் பாசன்ட், நடந்து போகிறது என்று அர்த்தம். உட்கார்ந்திருந்தால் சீஜன்ட். படுத்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தால் கூச்சன்ட். அதே படுக்கையில் தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடினால் டார்மன்ட்.

பிறகு தலை. ஒன்றும் சொல்லாவிட்டால் பக்கவாட்டு முகம். நம்மைப் பார்த்தால் கார்டன்ட். முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தால் ரிகார்டன்ட். காலுக்கு ஒரு சொல், தலைக்கு ஒரு சொல், இரண்டையும் ஒட்டினால் படம் கண்ணில் வந்துவிடும். இங்கிலாந்து அரசரின் மூன்று சிங்கங்களும் பாசன்ட் கார்டன்ட். செல்சி கால்பந்து கிளப்பின் நீலச் சிங்கம் ரேம்பன்ட் ரிகார்டன்ட், கையில் ஒரு கோல். அது செல்சி பிரபுவாக இருந்த கடோகன் குடும்பத்தின் சின்னத்திலிருந்து 1953ல் எடுத்தது.

ஜூலை 5, பகல் 1.20

'படம் இருக்கும்போது சொல் எதற்கு' என்று தம்பி கேட்கிறான். இதுதான் நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம்.

குலச்சின்னத்தில் சொல்தான் மூலம். படம் அதற்குப் பிறகு. 'சிவப்புத் தரையில், ஒன்றன்கீழ் ஒன்றாக, நம்மைப் பார்த்து நடக்கும் மூன்று பொன் சிங்கங்கள்' என்று எழுதிவிட்டால் இங்கிலாந்தின் கேடயம் அவ்வளவுதான், முடிந்தது. அந்தக் கேடயத்தைக் கண்ணால் பார்க்காத ஓவியன் அந்த வரியை வைத்து வரைவான். ஒருவன் சிங்கத்தை மெலிவாக வரைவான், இன்னொருவன் பிடரியைச் சுருள்சுருளாக வரைவான். இரண்டும் சரி. காலையும் தலையையும் நிறத்தையும் மாற்றினால்தான் அது வேறு ஆளின் கேடயம். லண்டனில் 1484ல் மூன்றாம் ரிச்சர்ட் பட்டயம் கொடுத்து ஆரம்பித்த காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இன்றும் சின்னங்களை இப்படிச் சொல்லில் எழுதித்தான் வழங்குகிறது.

அதனால்தான் 'சீறும்' என்பதை விடமாட்டேன் என்கிறேன். சீறும் சிங்கத்தை வரை என்று பத்துப் பேரிடம் சொன்னால் பத்து விதமாகக் கால் வரும்.

ஜூலை 5, இரவு 11.05

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ஏன் இத்தனை சின்னங்களில் சிங்கம் எழுந்தே நிற்கிறது? ஸ்காட்லாந்து, நார்வே, பொஹிமியா, லக்சம்பர்க், ஃபிளாண்டர்ஸ், ஃபின்லாந்து, ஸ்பெயினின் லியோன் எல்லாமே எழுந்த சிங்கம்தான்.

இடம்தான் காரணம். 12ஆம் நூற்றாண்டுக் கேடயம் உயரமானது, கீழே கூராக முடியும். அதில் நடக்கிற சிங்கத்தை ஒன்று மட்டும் போட்டால் மேலும் கீழும் வெறிச்சென்று கிடக்கும். எழுப்பி நிறுத்தினால் மூலைக்கு ஒரு கால், ஒரு பக்கம் வால், இடம் நிறைந்துவிடும். நடக்கிற சிங்கமாகவே வேண்டும் என்றால் மூன்றை அடுக்க வேண்டும். முதலாம் ரிச்சர்டின் 1189ஆம் ஆண்டு முத்திரையில் கேடயத்தின் பாதிதான் தெரிகிறது, அதில் எழுந்த சிங்கம் ஒன்று. 1198ல் அவர் மாற்றிய முத்திரையில்தான் நடக்கும் மூன்று சிங்கங்கள் வருகின்றன. அன்றிலிருந்து இன்றுவரை அதே மூன்று.

டிசைன் போடுகிற யாருக்கும் இது சொல்லாமலே புரியும்.

ஜூலை 6, இரவு 10.15

சிங்கம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு என் சொந்த அனுபவத்தையே எழுதுகிறேன்.

விதி சுலபம். கேடயத்தின் வலம், இடம் என்பது அதைப் பிடித்திருக்கிறவனுக்கு வலம், இடம். எதிரே நிற்கிற நமக்கு அது தலைகீழ். கோயிலில் 'சுவாமிக்கு வலப்பக்கம்' என்று சொன்னால் நம் வலக்கைப் பக்கம் பார்க்கிறோமா? அதே கணக்கு. மிருகம் எப்போதும் பிடித்திருக்கிறவனின் வலப்பக்கம் பார்க்கும், அதாவது நம் கண்ணுக்கு இடப்பக்கம். வேறு எதுவும் சொல்லாவிட்டால் அதுதான்.

எனக்கு இது தெரியாத காலம். வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். ஒரு கிளப்புக்கு ஸ்வெட்ஷர்ட் ஆர்டர், இடது நெஞ்சில் எழுந்த சிங்கம். பஞ்சிங் நான்தான். சாம்பிள் அப்ரூவல் ஆகி, சரக்கும் போய்விட்டது. அடுத்த ஆர்டரில் அதே சிங்கம் வலது கையில் வேண்டும் என்றார்கள். வலது கை என்பதால் ஃபைலை மிரர் அடித்தேன். கையில் போட்டுப் பார்த்தால் சிங்கம் முன்பக்கம் பார்த்து நின்றது. அழகாக இருந்தது. சாம்பிள் அனுப்ப நேரமில்லை, முன்னாடி அப்ரூவ் ஆன டிசைன்தானே என்று நேராக ஓட்டிவிட்டோம். 1,400 பீஸ்.

சிங்கம் தப்பான பக்கம் பார்க்கிறது, எங்கள் சின்னம் இது இல்லை என்று பையரிடமிருந்து பதில் வந்தது. தையலில் ஒரு நூல் பிசகவில்லை. ஆனாலும் மொத்தமும் திரும்பி வந்தது. அந்த மாசம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். பணத்தைவிட, என்ன தப்பு செய்தேன் என்றே எனக்குப் புரியவில்லை என்பதுதான் ரொம்ப வருத்தியது. அன்றைக்குத்தான் இந்தச் சொற்களைத் தேட ஆரம்பித்தேன். எதிர்ப்பக்கம் பார்க்கிற மிருகத்துக்கு 'கான்டோர்னே' என்று தனியாக ஒரு சொல்லே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

ஜூலை 7, காலை 7.30

'இங்கிலாந்துச் சின்னத்தில் இருப்பது சிங்கமே இல்லை, சிறுத்தை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒருவகையில் சரி.

பிரெஞ்சு வழக்கில் மிருகத்தின் பெயரிலேயே கோலமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுந்து நின்று பக்கவாட்டில் பார்த்தால் அது 'லியோன்', சிங்கம். நடந்துகொண்டே முகத்தை நம் பக்கம் திருப்பினால் அதே மிருகம் 'லெயோபார்', சிறுத்தை. புள்ளி கிடையாது, பிடரியும் அப்படியே இருக்கும். நடக்கிறது, ஆனால் பக்கவாட்டில் பார்க்கிறது என்றால் 'சிறுத்தையான சிங்கம்'. எழுந்து நின்று நம்மைப் பார்த்தால் 'சிங்கமான சிறுத்தை'. முதலில் படித்தபோது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. இப்போது அதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. அவர்களுக்கு மிருகம் என்பதே அதன் நிலைதான்.

1235ல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக், இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றிக்கு உயிருள்ள மூன்று சிறுத்தைகளை அனுப்பினார், அவருடைய கேடயத்தில் மூன்று இருக்கிறதே என்று. லண்டன் கோபுரத்தில் இருந்த அரச விலங்குக்கூடத்துக்குத் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். பின்னாளில் அங்கே சிங்கங்களும் இருந்தன. 1930களில் கோபுரத்தின் அகழியைத் தோண்டியபோது சிங்க மண்டையோடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றின் காலம் 1280க்கும் 1385க்கும் இடையில் என்று கணித்திருக்கிறார்கள். வட ஆப்பிரிக்கச் சிங்கம். எத்தனை ஓவியர்கள் அதை நேரில் போய்ப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். கேடயத்துச் சிங்கம் கடைசிவரை அந்த நிஜச் சிங்கம் மாதிரி ஆகவே இல்லை. அதன் இடுப்பு வேட்டைநாய் இடுப்பு. கால்நகம் கழுகின் நகம்.

ஜூலை 8, மாலை 5.45

லண்டனில் இருக்கும் அக்கா தன் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு 'இதில் எத்தனை சிங்கம் தம்பி' என்று கேட்டார். எட்டு என்று சொன்னேன்.

கேடயம் நாலு கட்டம். முதல் கட்டத்திலும் நாலாவது கட்டத்திலும் இங்கிலாந்தின் மும்மூன்று, ஆக ஆறு. இரண்டாவது கட்டத்தில் ஸ்காட்லாந்தின் எழுந்த சிங்கம் ஒன்று. மூன்றாவதில் அயர்லாந்தின் யாழ், அதில் சிங்கம் இல்லை. கேடயத்தை ஒரு பக்கம் பிடித்திருக்கும் முடிசூடிய சிங்கத்தோடு எட்டு. மறுபக்கம் பிடித்திருப்பது ஸ்காட்லாந்தின் ஒற்றைக்கொம்புக் குதிரை.

ஜூலை 8, மாலை 6.20

ஒன்பது. அக்கா திருத்திவிட்டார். உச்சியில் கிரீடத்தின்மேல் ஒரு சிங்கம் நிற்கிறது, குட்டியாக. அது ஸ்டேட்டன்ட் கார்டன்ட்: நாலு காலும் கிரீடத்தின்மேல், முகம் நம் பக்கம். அட்டையில் அது ஒரு அரிசி அகலம்கூட இருக்காது, அதனால் எண்ணும்போது கண்ணில் படவில்லை.

ஒரே சின்னத்தில் நடந்தது, எழுந்தது, எழுந்து நம்மைப் பார்ப்பது, நின்று நம்மைப் பார்ப்பது என்று நாலு விதம். ஸ்காட்லாந்தில் பயன்படுத்துகிற வடிவத்தில் உச்சிச் சிங்கம் நேராக நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், ஒரு கையில் வாள், இன்னொரு கையில் செங்கோல். இதெல்லாம் 'சீறும் சிங்கம்' என்றால் எப்படிப் பிரிப்பாய் தம்பி?

ஜூலை 9, இரவு 9.50

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர் கேட்டது: 'படுத்த சிங்கத்துக்குக் கூச்சன்ட் என்றால், படுத்த மானுக்கும் அதேதானா?'

இல்லை ஐயா. மானுக்கு வேறு. படுத்த மான் 'லாஜ்டு'. நடக்கும் மான் 'ட்ரிப்பன்ட்'. நின்று நம்மைப் பார்க்கும் மான் 'அட் கேஸ்'. வேட்டைக்காரர்கள் மானைப் பற்றிப் பேசிய பேச்சு அப்படியே கேடயத்துக்கு வந்துவிட்டது. இரண்டாம் ரிச்சர்டின் அடையாளம் வெள்ளைக் கலைமான், படுத்த நிலை, கழுத்தில் கிரீடமும் சங்கிலியும். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் வில்டன் டிப்டிக் என்ற இரட்டைப் பலகை ஓவியத்தில், மரியாளைச் சுற்றி நிற்கும் தேவதைகள் எல்லோரும் அந்த மானை நெஞ்சில் பேட்ஜாகக் குத்தியிருக்கிறார்கள். 1390களில் வரைந்தது. நெஞ்சில் சின்னம் என்ற என் தொழிலுக்கு அதைவிடப் பழைய, அழகான படம் நான் பார்த்ததில்லை.

எழுந்து நிற்கும் நிலைக்கும் அப்படித்தான். சிங்கம் எழுந்தால் ரேம்பன்ட், கழுகுத் தலையும் சிறகும் சிங்க உடம்பும் உள்ள கிரிஃபின் எழுந்தால் செக்ரியன்ட். பிரெஞ்சில் ஓநாய்க்கு ஒன்று, காளைக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று. மீனுக்குக் கால் இல்லை, அதனால் வேறு கணக்கு: கிடையாக நீந்தினால் நேயன்ட், தலை மேலே நிமிர்ந்தால் ஹாரியன்ட், தலைகீழாக முங்கினால் யூரினன்ட்.

ஜூலை 10, காலை 8.05

ஐயாவின் பதிலை இங்கே எடுத்துப் போடாமல் இருக்க முடியவில்லை. 'இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, இது மரபு. தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஓர் இயலே இருக்கிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயரே ஒன்பது. எதற்கு எது என்று வரையறை உண்டு. யானை பிளிறும், குதிரை கனைக்கும், மாற்றிச் சொன்னால் மரபு வழு. படுத்த மானைச் சிங்கத்தின் சொல்லால் சொல்வதும் அவர்கள் மொழியில் மரபு வழு' என்கிறார்.

19 வருஷம் இந்த வேலை பார்த்தும் எனக்கு இது தோன்றியதில்லை. மரபுச் சின்னம் என்றுதானே நாமே எழுதுகிறோம்.

அதோடு விடவில்லை ஐயா. திரும்பிப் பார்க்கும் சிங்கத்துக்கு நன்னூலிலேயே பெயர் இருக்கிறது என்கிறார்: அரிமா நோக்கம். சூத்திரங்கள் ஒன்றோடொன்று இயையும் நிலைகள் நாலில் ஒன்று. சிங்கம் முன்னும் பின்னும் பார்ப்பதுபோல, முன் சொன்னதையும் பின் வருவதையும் சேர்த்துப் பார்க்கும் சூத்திரம். உடம்பு முன்னால் போகிறது, கண் பின்னால் போகிறது. ரிகார்டன்டுக்கு இதைவிட ஒரு சொல் யார் கொடுக்க முடியும்?

ஜூலை 10, இரவு 10.30

ஒரே ஒரு தயக்கம். அரிமா நோக்கில் சிங்கம் ஏற்கெனவே இருக்கிறது. திரும்பிப் பார்ப்பது மானாக இருந்தால்? 'அரிமா நோக்கில் மான்' என்றால் படிக்கிறவனுக்குக் குழப்பம். சிங்கத்துக்கு மட்டும் அரிமா நோக்கு, மற்றதற்குப் 'பின்நோக்கிய' என்று வைத்துக்கொள்ளலாம். மிருகத்துக்கு மிருகம் சொல் மாறுவது மரபுதானே.

ஜூலை 12, மாலை 6.40

கிடைத்துவிட்டது தம்பி.

இன்றைக்கு மதுரையில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டுக் கூடலழகர் கோயிலுக்குப் போனேன். அங்கே மூன்று தளத்தில் பெருமாள் மூன்று விதமாக இருப்பார். பக்கத்தில் ஒரு பாட்டி பேத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தார்: 'நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம்.' அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஸ்டேட்டன்ட், சீஜன்ட், கூச்சன்ட். வார்த்தைக்கு வார்த்தை. சாமி எப்படி இருக்கிறார் என்று, சிலையைப் பார்க்காதவனுக்கும் ஒரே சொல்லில் தெரிய வேண்டும் என்று நம்மவர்கள் எப்போதோ வகுத்து வைத்தது.

அதே வரிசையில் மற்றதையும் சேர்த்துப் பார். நடந்த கோலம், பாசன்ட். எழுந்த கோலம், ரேம்பன்ட். பாய்ந்த கோலம், சேலியன்ட். துயின்ற கோலம், டார்மன்ட். முகத்துக்கு: ஒன்றும் சொல்லாவிட்டால் பக்கவாட்டு, நம்மைப் பார்த்தால் 'முகம் காட்டிய'. இங்கிலாந்துச் சிங்கம் 'முகம் காட்டி நடந்த சிங்கம்'. ஸ்காட்லாந்துச் சிங்கம் 'எழுந்த சிங்கம்'. உன் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதா?

ஜூலை 13, காலை 7.10

ஐயாவின் மறுப்பு: ரங்கநாதரின் கிடந்த கோலம் யோக நித்திரை, அதில் துயிலும் அடங்கும், கிடந்த, துயின்ற என்று இரண்டாகப் பிரிப்பது கோயில் வழக்கில் இல்லை.

உண்மைதான். நான் கோயில் வழக்கை மாற்றவில்லை ஐயா, சொல்லைக் கடன் வாங்குகிறேன். சிங்கத்துக்குத் தலை தூக்கியது ஒன்று, தலை சாய்த்துக் கண் மூடியது ஒன்று என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. வேறு நல்ல சொல் கொடுத்தால் மாற்றிக்கொள்கிறேன்.

ஜூலை 13, இரவு 9.00

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த ஒருவர்: 'ராம்பே என்றால் இன்றைய பிரெஞ்சில் தவழ்வது. எழுந்து நிற்கிற சிங்கத்துக்கு எப்படி ரேம்பன்ட்?' பழைய பிரெஞ்சில் அதற்கு ஏறுதல், பற்றி மேலே போதல் என்றும் பொருள். கேடயம் அந்தப் பழைய பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டது, பேச்சு மொழி வேறு பக்கம் போய்விட்டது.

இலங்கைக் கொடிச் சிங்கம் பற்றிக் கேட்டவருக்கு: நடந்த கோலம். வலது முன்னங்காலில் வாள், மற்ற மூன்றும் தரையில், பக்கவாட்டு முகம், கொடிக்கம்பத்தைப் பார்த்து. சோழர் முத்திரைப் புலி கேட்டவருக்கு: செப்பேட்டு முத்திரைகளில் உட்கார்ந்த புலி, பக்கத்தில் இரண்டு மீன், வில். இருந்த கோலம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சீஜன்ட் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த முத்திரை செதுக்கியவர் இந்த விதிக்குள் வேலை செய்யவில்லை.

ஜூலை 15, இரவு 11.40

6ஆம் தேதி எழுதிய 1,400 பீஸ் கதைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கே அது முழுக்க என் தப்பு என்கிற மாதிரி எழுதினேன். இந்த ஒரு வாரமாகப் படித்ததில் மனசு மாறியிருக்கிறது.

போர்க்குதிரைமேல் போர்த்துகிற துணியில் இரண்டு பக்கமும் சின்னம் போடுவார்கள். குதிரையின் இடப்பக்கத்தில் சிங்கத்தை வழக்கப்படி போட்டாலே அது குதிரையின் தலையைப் பார்க்கும். வலப்பக்கத்தில் அப்படியே போட்டால் குதிரையின் வாலைப் பார்க்கும். குதிரை முன்னால் பாயும்போது சிங்கம் பின்னால் ஓடுகிற மாதிரி ஆகிவிடும். அதனால் வலப்பக்கத்தில் திருப்பிப் போட்டார்கள். கொடியிலும் மிருகம் கம்பத்தைப் பார்க்கும், பின்பக்கத்தில் தானாகவே திரும்பித் தெரியும். விண்ட்சரில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் கார்ட்டர் என்ற அரச விருது பெற்ற வீரர்களின் பழைய சின்னத் தகடுகளில், பீடத்தைப் பார்த்து இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துத் தகடுகளைத் திருப்பியே செய்திருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தினர் வலது கையில் குத்தும் கொடியும் திருப்பியதுதான், கொடி முன்னேறிப் போகிற மாதிரி தெரிய வேண்டும் என்று.

வலது கை, முன்பக்கம் பார்க்கும் சிங்கம். நான் அன்றைக்குச் செய்தது குதிரைத்துணி தைத்தவர்கள் செய்ததுதான். எனக்குத் தெரியாமலே செய்திருக்கிறேன்.

இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. கோபம் இல்லை. அவர்கள் சின்னம், அவர்கள் சொல்படி இருக்க வேண்டும். கேட்காமல் திருப்பியது தப்பு, அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் என் கண் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி. கையில் போட்டுப் பார்த்தபோது அழகாக இருந்தது என்று எழுதினேனே, அதற்குக் காரணம் இருந்திருக்கிறது.

ஜூலை 19, பகல் 2.15

நாக்கு. இதை ஒருத்தரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

சிங்கத்தின் நாக்கும் நகமும் சிவப்பு. சொல்லாவிட்டாலும் சிவப்பு. சிங்கமோ தரையோ சிவப்பாக இருந்தால் மட்டும் நீலம். அதனால் ஸ்காட்லாந்தின் சிவப்புச் சிங்கத்துக்கு நீல நாக்கு, நீல நகம். இங்கிலாந்தின் பொன் சிங்கங்களுக்கும் நீலம்தான், தரை சிவப்பாயிற்றே.

6 சென்டிமீட்டர் பேட்ஜில் அந்த நாக்கு மூன்று மில்லிமீட்டர். பத்துப் பன்னிரண்டு தையல். அதற்காக ஒரே நேரத்தில் 20 பீஸ் தைக்கிற 20 ஹெட் மெஷினும் நின்று, ஊசி மாறி, நீல நூல் ஓடி, வெட்டி, திரும்பவும் சிவப்புக்கு வர வேண்டும். 'அந்த நாக்கை எடுத்துடுங்கண்ணா, ஒரு கலர் மிச்சம்' என்று எத்தனை மெர்ச்சண்டைசர் சொல்லியிருக்கிறார்கள். நான் எடுப்பதில்லை. நீல நூல் ஏற்கெனவே எங்கே வருகிறது என்று பார்த்து, அந்த ஓட்டத்திலேயே நாக்கையும் நகத்தையும் சேர்த்துவிடுவேன். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் நூல், ஜம்ப் ஸ்டிட்ச், கொஞ்சம் கூடும், கையால் வெட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று, தூக்கிய கால். நடந்த சிங்கத்தின் வலது முன்னங்காலுக்கும் தரைக்கும் நடுவே சின்ன பேட்ஜில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். போலோ டீ-ஷர்ட்டின் பீக்கே துணி, இழுபடும். உள்ளே நிரப்பும் ஃபில் தையல் விழவிழத் துணி உள்வாங்கி அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். நாலு காலும் தரையில் இருக்கிற மாதிரி வந்துவிடும். நடந்த சிங்கம் நின்ற சிங்கம் ஆகிவிடும், சின்னமே மாறிவிடும். ஃபைலில் அந்தப் பாதத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தூக்கி வைப்பேன். ஸ்கிரீனில் பார்த்தால் அசிங்கமாக இருக்கும், துணியில் சரியாக வரும்.

ஜூலை 28, இரவு 10.05

தம்பி, உன் புத்தகத்தில் 'எழுந்த சிங்கம்' என்றே வந்திருக்கிறது என்று படம் அனுப்பியிருந்தாய். மூன்று தடவை பார்த்தேன்.

இன்றைக்கு ஒரு சோதனை செய்தேன். எங்கள் யூனிட்டில் ஃபிரேம் மாட்டுகிற பொண்ணு நன்றாக வரையும். இங்கிலாந்துச் சின்னத்தை உற்றுப் பார்த்ததில்லை என்றது. ஒரு தாளைக் கொடுத்து, படம் எதுவும் காட்டாமல் ஒரே வரி சொன்னேன்: 'சிவப்புக் கேடயத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, முகம் காட்டி நடந்த மூன்று பொன் சிங்கம்.' நடந்த கோலம் என்றால் முன்னங்கால் ஒன்று தூக்கியிருக்கும், மற்ற மூன்றும் தரையில் என்று மட்டும் விளக்கினேன்.

டீ நேரத்துக்குள் வரைந்து கொண்டுவந்தது. மூன்று சிங்கம், ஒவ்வொன்றுக்கும் மூன்று கால் தரையில், முகம் நேராக என்னைப் பார்த்து. பிடரி மட்டும் நம் ஊர் தேர்ச்சிற்பத்துச் சிங்கம் மாதிரி சுருட்டை சுருட்டையாக. வால் பூப்போல விரிந்திருந்தது. பிடரியைப் பற்றியும் வாலைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அது அதன் விருப்பம், சரிதான்.

ஆனால் மூன்றும் நம் வலப்பக்கம் பார்த்து நடந்தன. 'எந்தப் பக்கம்னு நீங்க சொல்லலையேண்ணா' என்றது. வாஸ்தவம்தான், சொல்லவில்லை.

ஜூலை 28, இரவு 10.50

12ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள் தம்பி: பக்கம் சொல்லாவிட்டால் எல்லாக் கோலமும் கேடயம் பிடித்தவனுக்கு வலம் நோக்கியே. இடம் நோக்கி இருந்தால் மட்டும் 'இடம் நோக்கி' என்று எழுத வேண்டும். அந்தப் பொண்ணு வரைந்த தாளை எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு நம் தமிழ்ப்படி 'இடம் நோக்கி, முகம் காட்டி நடந்த மூன்று பொன் சிங்கம்' என்று கீழே எழுதி, தேதி போட்டுச் சுவரில் ஒட்டியாயிற்று.